அடுத்த வருடம் ரோமில்

ஆறு நாடுகள் ரக்பித் தொடர் பெப்ரவரி தொடங்கியதும் வந்துவிடும். அந்த வருடம் முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்னால் மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் தெர்மீன் கொடுத்திருந்தார்கள். மருத்துவரைப் பார்க்கக் குறித்துத் தரும் நேரத்தை இங்கே எங்கள் ஆட்கள் எல்லோரும் தெர்மீன் என்றுதான் சொல்வார்கள். மாமா என் மனைவியின் அப்பா. பிராங்பேர்ட் விமான நிலையத்துக்கு அருகே ஒரு சமையற்கூடத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஜெர்மன் சமையலறைக்கும் எஸ்-பான் ரெயிலுக்கும் போதும், ஆஸ்பத்திரிக்குப் போதாது. ஆகவே நான் கூடப்போனேன்.

இந்த நாட்டில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் சம்பளமில்லாத ஒரு உத்தியோகம் உண்டு. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து பெற்றோருக்கு மொழிபெயர்ப்பதுதான் அது. நான் என் அம்மாவின் பல்வலியையும் அப்பாவின் வரிக் கடிதங்களையும் மொழிபெயர்த்து வளர்ந்தவன். கலியாணம் கட்டியதும் மாமா மாமியின் வருத்தங்களும் என் பொறுப்பில் வந்து சேர்ந்தன. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மாமாவுக்கும் எனக்கும் நடுவில் ரக்பி இருந்தது. பெண் பார்க்கப் போன அன்று எல்லோரும் என் படிப்பையும் வேலையையும் விசாரித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் என் இடது காதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காது கசங்கித் தடித்திருக்கும். ஹைடல்பேர்க்கில் படித்த காலத்தில் ஒரு கழகத்துக்காக விளையாடி வாங்கியது.

“ஸ்க்ரம்மில நிண்டனீரோ?” என்றார். இரு அணியும் தலையோடு தலை முட்டித் தள்ளும் இடம் அது.

“ஓம்” என்றேன். அவ்வளவுதான், சம்பந்தம் முடிந்துவிட்டது. மாமியும் என் மனைவியும் தேநீரோடு வரும்போது நாங்கள் இருவரும் மேசை மீது பிஸ்கட்டுகளை அடுக்கி, யார் எங்கே நிற்பது என்று காட்டிக்கொண்டிருந்தோம். மாமாவின் அப்பா கண்டியில் தபால்கந்தோரில் வேலை பார்த்தவர். அதனால் மாமா அங்கே படித்து, பள்ளிக்கூட அணியில் விளையாடியிருந்தார். கண்டியில் அதற்கு ரகர் என்றுதான் பெயர். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்களுக்கு அது மனிதர் ஏன் மனிதர்மேல் விழுகிறார்கள் என்று விளங்காத விளையாட்டு. இத்தனை வருடம் கதைக்க ஆளில்லாமல் இருந்தவருக்கு நான் கிடைத்தேன்.

அன்றிலிருந்து தொடர் நடக்கும் ஆட்ட நாட்களிலெல்லாம் நான் அவர்கள் வீட்டில்தான். மாமா இத்தாலியின் பக்கம். இத்தாலி பெரும்பாலும் கடைசியில் வரும் அணி. அகதியாக வந்த வழியில் ஓர் இத்தாலியப் பொலிஸ்காரன் ரெயிலில் இவருடைய கள்ளப் பாஸ்போர்ட்டை நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துப் போனானாம். “அவன் பிடிச்சிருந்தால் நான் இஞ்ச இல்லை, நீரும் எனக்கு மருமகன் இல்லை” என்பார். இத்தாலி தோற்கத் தோற்க அவருக்கு விசுவாசம் கூடிக்கொண்டே போனது. இடைவேளையில் மாமி பொரித்த மட்டன் ரோல்ஸ் வரும். ஆளுக்கு ஒரு போத்தல் பியர் திறப்போம். அதுதான் எங்கள் பெப்ரவரியும் மார்ச்சும்.

தெர்மீன் அன்று ஆஸ்பத்திரி நடைவழியில் மாமி என் கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார். மாமா தண்ணீர் எடுக்கப் போயிருந்தார்.

“தம்பி, டொக்டர் என்ன சொன்னாலும் கூடாத வருத்தமெண்டு மட்டும் அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவற்ற தமையனுக்குக் கனடாவில முகத்துக்கு நேர சொல்லிச்சினம். அண்டைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், பிறகு எழும்பேல்லை. இவரும் அதே ரத்தம்தான்.”

நான் “சரி மாமி” என்றேன். எங்கள் குடும்பங்களில் இது புதிதில்லை. வருத்தக்காரரைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் வருத்தத்தின் பெயர் தெரிந்திருக்கும். அது அன்பு என்றுதான் நானும் நினைத்து வளர்ந்தேன்.

மருத்துவர் இளம் பெண். மாமாவின் முகத்தைப் பார்த்தே பேசினார். கணையத்தில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது, மருந்து வேதனையைக் குறைக்கும், குணப்படுத்தாது, கோடை வரை இருப்பார் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார்: “அவர் செய்ய ஆசைப்படுவது ஏதாவது இருந்தால் இப்போதே செய்யச் சொல்லுங்கள். இப்போது அவருக்குத் தெம்பு இருக்கிறது.”

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். “என்னவாம்?”

“கணையத்தில ஒரு வீக்கமாம் மாமா. குளிசை தருவினமாம். கொஞ்சம் காலம் எடுக்குமாம்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மருத்துவர் நீளமாகப் பேசியிருந்தார், என் தமிழ் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. மாமா இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மிச்ச இடத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டியிருந்தது. “எண்ணெய்ச் சாப்பாடு, இறைச்சி, பியர் ஒண்டும் கூடாதாம். ஒழுங்கா நடக்கச் சொல்லுறா. உடம்பைப் பாத்தீங்களெண்டால் எல்லாம் சரிவருமாம்” என்றேன். அந்தப் பெண் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் சொன்னதற்கு நேர் எதிரானதை நான் சொன்னேன்.

“அவருக்கு விளங்கியதா?” என்று மருத்துவர் கேட்டார். விளங்கியது என்றேன். மாமா எழுந்து அவருக்குக் கைகொடுத்து, ஜெர்மனில் நன்றி சொன்னார்.

முதல் சுற்றில் இத்தாலிக்கு ரோமில் இங்கிலாந்தோடு ஆட்டம். இடைவேளையில் மாமி ரோல்ஸ் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். மாமா அதை என் பக்கம் தள்ளினார்.

“நீர் சாப்பிடும். எனக்கு டொக்டர் வேண்டாமெண்டவா எல்லே.”

“ஒண்டு சாப்பிடலாம் மாமா. ஒண்டால என்ன வரப்போகுது.”

“இல்லைத் தம்பி. செய்யிறதெண்டால் ஒழுங்காச் செய்யவேணும்.”

மாமி தட்டை என் முன்னால் விட்டுவிட்டுப் போய்விட்டார். வருத்தத்தின் பெயரை மாமியிடமும் மனைவியிடமும் நான் தனியாகச் சொல்லியிருந்தேன். ஆனால் என் பொய்யின் முதற்பாதிதான் மாமிக்குத் தெரியும். சாப்பாட்டுக் கதையை மருத்துவர் உண்மையாகவே சொன்னார் என்று நம்பி, அடுத்த நாளிலிருந்து அவித்த மரக்கறியும் உப்பில்லாத கஞ்சியும் வைக்கத் தொடங்கினார். அந்த வீட்டில் மணக்க மணக்கச் சமைத்த மனுசி. மாமா முகத்தைச் சுழிக்காமல் எல்லாவற்றையும் விழுங்கினார். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய்யை அவிழ்க்கப் போனால் அதற்குப் பின்னால் இருக்கும் உண்மையையும் சேர்த்து அவிழ்க்கவேண்டும். அதற்குத் துணிவில்லை. அந்த ஆட்டத்தன்று எனக்கு என்மேல் வந்த எரிச்சலில் இரண்டு பேருடைய ரோல்ஸையும் நானே தின்றேன் என்பது இன்னும் வெட்கம்.

மாமா நடக்கவும் தொடங்கினார். மைன் ஆற்றங்கரையில் இங்கத்தைய வயோதிபர்கள் ஊன்றிக்கொண்டு நடக்கும் இரட்டைத் தடிகளை வாங்கி, காதை மூடித் தொப்பி போட்டு, தினமும் போனார். வலித்தாலும் போனார். திரும்பி வந்து வாங்கில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்ற அவருக்கு அரைமணித்தியாலம் பிடித்தது.

இரண்டாம் சுற்றில் அயர்லாந்து இத்தாலியைப் புள்ளியே எடுக்கவிடாமல் அடித்து அனுப்பியது. மாமாவுக்கு அதில் பெரிய கவலை இல்லை. அவர் மனத்தில் வேறொன்று இருந்தது.

“தம்பி, அடுத்த ஆட்டம் பிரான்சோட. லீலில நடக்குது. பாரிசுக்கு ரெயிலில போனால் சின்னத்தங்கச்சி வீடு இருக்கு. அங்க படுத்திட்டு ஒரு மணித்தியாலத்தில லீலுக்குப் போகலாம். போவமே? ஒருநாளும் கிரவுண்டில இருந்து பாக்கேல்லை.”

சின்னத்தங்கச்சி என்றது மாமியின் கடைசித் தங்கையை. மாமா தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் அறிந்ததில்லை. அந்த மருத்துவரின் தாழ்ந்த குரல் என் காதில் கேட்டது. போவம் மாமா என்று சொல்ல வாய் திறந்தேன். மாமி அடுப்படி வாசலில் நின்று, வேண்டாம் என்று தலையை அசைத்தார். குளிர், வேறு நாடு, வழியில் ஏதும் நடந்தால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. என் மனைவி, “கூட்டிக்கொண்டு போங்கோவன், அப்பாவுக்கு ஆசையா இருக்கு” என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கோ அந்த வார இறுதியில் வேலையிடத்துக் கணினிகளில் ஒரு பெரிய மாற்றம் செய்ய இருந்தது. லீவு கேட்டால் முகம் சுழிப்பார்கள். மாமியின் பயம் எனக்கு வசதியாக இருந்தது.

“இப்ப சரியான குளிர் மாமா. இந்த வருசம் பிரான்சில நடந்தால் அடுத்த வருசம் இத்தாலியிலதானே. உடம்பு நல்லாத் தேறட்டும். அடுத்த வருசம் ரோமுக்கே போவம். உங்கட ஆக்களின்ர சொந்தக் கிரவுண்டில பாப்பம்.”

இந்தத் தொடரின் ஒழுங்கு அப்படித்தான். ஒரு வருடம் இங்கே ஆடினால் அடுத்த வருடம் அங்கே. நான் சொன்னதில் ஆட்ட அட்டவணை மட்டும்தான் உண்மை. மாமாவின் முகம் மலர்ந்தது. அந்தப் பொலிஸ்காரனின் நாட்டுக்கு நல்ல பாஸ்போர்ட்டோடு போவதை நினைத்திருப்பார்.

“அதுவும் சரிதான். ரோமெண்டால் இன்னும் நல்லது. அதுக்குள்ள நானும் உடம்பைத் தேத்திப்போடுவன்” என்றார். அடுத்த நாள் வழமையைவிடத் தூரம் நடந்தார் என்று மாமி தொலைபேசியில் சொன்னார்.

மூன்றாம் சுற்றை வீட்டுச் சோபாவில் இருந்துதான் பார்த்தோம். ரக்பி தெரிந்தவர்களுக்கு அந்த ஆட்டம் மறக்காது. எல்லோரும் பிரான்ஸ் ஊதித் தள்ளும் என்றிருக்க, இத்தாலி கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. புள்ளிகள் சமன். நேரம் முடியும் தறுவாயில் இத்தாலிக்கு ஒரு பெனால்டி உதை கிடைத்தது. கம்பங்களுக்கு நடுவில் போனால் வெற்றி. உதைக்கிறவர் பந்தை நிறுத்தி வைத்து ஓடிவர ஆயத்தமாகிறார், பந்து தானாகச் சரிந்து விழுகிறது. கொடுத்த நேரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. பாய்ந்துபோய்த் திரும்ப நிறுத்தி அவசரமாக உதைத்தார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது. சமன்.

மாமா எழுந்து நின்றுவிட்டார். இரண்டு கையும் தலையில். கண் கலங்கியிருந்தது, ஆனால் அவ்வளவு சந்தோசமாக நான் அவரைக் கண்டதில்லை. “அங்க நிண்டிருக்கவேணும் தம்பி! அந்தச் சனத்துக்குள்ள நிண்டு கத்தியிருக்கவேணும்!” என்றார். பிறகு மூச்சு வாங்கி உட்கார்ந்து, என் தொடையில் தட்டினார். நான் கவலைப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். “பரவாயில்லை, பரவாயில்லை. அடுத்த வருசம் இருக்குத்தானே” என்று என்னைத் தேற்றினார்.

நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்றைக்கே வெளியே வந்து சொல்லியிருக்கலாம். வேலையிடத்து மாற்றத்தையும் அதற்கு முதல்நாள் வேறு காரணத்துக்காகத் தள்ளிவைத்திருந்தார்கள். போயிருக்கலாம். எல்லாம் செய்திருக்கலாம்.

நான்காம் சுற்று வருவதற்குள் மாமாவின் கண் மஞ்சளாகிவிட்டது. தடிகள் கதவுக்குப் பின்னால் சாய்ந்தபடி இருந்தன. “குளிசை உடம்பை வாட்டுதாம், பிறகு தேறுமாம்” என்று இன்னொரு மொழிபெயர்ப்பு செய்தேன். அந்த ஆட்டத்தில் இத்தாலி ரோமில் வைத்து ஸ்கொட்லாந்தை வென்றது. மாமா பாதியில் நித்திரையாகிவிட்டார். எழுப்பி வெற்றியைச் சொன்னபோது, “எங்கட ஆக்களோ?” என்று கேட்டுச் சிரித்தார். அடுத்த சில நாட்களில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனோம்.

கடைசிச் சுற்று ஒரு சனிக்கிழமை பிற்பகல், கார்டிப்பில் வேல்ஸோடு. கட்டிலோடு இருந்த மேசையில் என் மடிக்கணினியை வைத்து ஆட்டத்தைப் போட்டேன். மாமி விளக்கேற்றிக் கஞ்சி வைத்துக்கொண்டு வர வீட்டுக்குப் போயிருந்தார். நாங்கள் இருவர் மட்டும். இத்தாலி முதலிலிருந்தே முன்னுக்கு நின்றது. மாமாவுக்குக் குரல் வரவில்லை. நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

“ரோமுக்கு டிக்கெற் எப்ப விக்கத் தொடங்குவினம்? இப்பிடி விளையாடினாங்களெண்டால் சனம் அள்ளிக்கொண்டு போயிடும். கெதியா எடுக்கவேணும்.”

அதற்குமேல் என்னால் ஏலவில்லை.

“மாமா, நான் உங்களுக்குச் சரியா மொழிபெயர்க்கேல்லை” என்றேன். பிறகு மருத்துவர் சொன்னதை, சொன்ன ஒழுங்கில், ஒரு சொல்லையும் விடாமல் சொன்னேன். இப்போதே செய்யச் சொல்லுங்கள் என்றதையும் சொன்னேன். சாப்பாட்டுக் கதை நானாகக் கட்டியது என்பதையும் சொன்னேன்.

மாமா திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

“இது எப்ப சொன்னவா?”

“முதல் ஆட்டத்துக்கு முன்னம்.”

“அப்ப நான் லீலுக்குப் போயிருக்கலாம்.”

“ஓம் மாமா.”

அவர் என்னைத் திட்டவேண்டும் என்று விரும்பினேன். திட்டியிருந்தால் ஒருவேளை என் பாரம் குறைந்திருக்கும்.

“எனக்கும் யோசனை வந்ததுதான். உடம்பு எனக்குத் தெரியாதே? ஆனால் நீர் சொல்லேல்லை. அப்பிடியெண்டால் நீர் சொல்லியிருப்பீர் எண்டு நினைச்சன். டொக்டர் கதைக்கேக்கை நான் அவவின்ர முகத்தைப் பாக்கேல்லை, உம்மடை முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்.”

அவர் கோபத்தோடு சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அது அப்படியே எனக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. திரும்பவும் ஆட்டத்தைப் பார்த்தார். இத்தாலி வென்றது. தன் வாழ்நாளில் அவர் பார்த்த அவர்களுடைய ஆகச் சிறந்த தொடர் அது. மைதானத்தில் ஆட்டக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது என் கையைத் தேடிப் பிடித்தார்.

“மாமிக்கு, எனக்குத் தெரியுமெண்டு சொல்லிப்போடாதேயும். அந்த மனுசி அந்த ஒரு நினைப்பிலதான் நிமிர்ந்து நிக்குது.”

சற்று நேரத்தில் மாமி கஞ்சியோடு வந்தார். மாமா அவரைப் பார்த்துச் சிரித்து, இல்லாத குரலை எங்கிருந்தோ எடுத்து, “எங்கட ஆக்கள் வெண்டிட்டாங்கள். அடுத்த வருசம் நாங்கள் ரோமுக்குப் போறம். நீரும் வாரும்” என்றார். மாமி என்னை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, “ஓம், ஓம், வாறன். முதல்ல இதைக் குடியுங்கோ” என்றார். நான் யன்னலைத் திறக்கப்போவதுபோல் எழுந்துகொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் காரியங்கள் முடிந்தும் பல மாதமாகிவிட்டது. நானும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியிடம் போகிறோம். மாமி யார் வந்தாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்: அவர் ஒன்றும் தெரியாமல், பயப்படாமல், அடுத்த வருடத்துக்குத் திட்டம் போட்டபடி போனார். சொல்லும்போது அவருடைய முகத்தில் ஓர் ஆறுதல் வரும். அதைக் கெடுக்கும் உரிமை எனக்கு இல்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. ஒரு மனிதர் தன் மனுசியிடம் விடைபெறாமலே போனார், அது எனக்குத் தெரியும், நான் சோபாவில் இருந்து தேநீர் குடிக்கிறேன்.

போன ஞாயிறு மாமி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். மறுபக்கம் பக்கத்து ஊரான ஹானவில் இருக்கும் ஓர் அக்கா. அவருடைய கணவருக்கு ஸ்கான் எடுத்திருக்கிறார்களாம், நல்ல செய்தி இல்லைப்போல.

“நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும்” என்றார் மாமி. “எங்கட மருமகனைக் கூட்டிக்கொண்டு போம். எங்கட அவருக்கு அவர்தான் எல்லாம் சொன்னவர். அவ்வளவு பக்குவம். கடைசி மட்டும் அந்த மனுசனுக்கு ஒண்டும் தெரியாது. பொறும், ஆள் இஞ்சதான் இருக்கிறார்.”

தொலைபேசியை என்னிடம் நீட்டினார். அந்த அக்கா அழுதுகொண்டிருந்தார்.

“தம்பி, திங்கட்கிழமை தெர்மீன். அவருக்கு நோகாமல் சொல்லுறதுக்கு உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை. வருவீங்களோ?”

மாமி என் முன்னால் நின்று, பெருமையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம் அக்கா, வாறன்” என்றேன்.